இருபதுகளில் முடி மெலிந்தால்: மருந்தா, நடுவதா, மழிப்பதா?

முடி மெலியத் தொடங்கிய 20, 22 வயதுப் பையன்கள் முதலில் கேட்பது, "எதைப் போட்டால் முடி வளரும்?" என்றுதான். இயல்பான கேள்வி. ஆனால் முடிவெடுக்க அது அவ்வளவாக உதவாது. எண்ணெய் விற்பவர், மாத்திரை எழுதுபவர், முடி நடுபவர் எல்லோருமே "இதைச் செய்தால் வளரும்" என்றுதான் சொல்வார்கள். அவர்களில் சிலர் சொல்வது உண்மையும்கூட.

என்னைக் கேட்டால், ஒவ்வொரு வழியையும் 3 கேள்விகளால் உரசிப் பார்க்க வேண்டும். எத்தனை வருடம் விடாமல் செய்ய வேண்டும்? நிறுத்தினால் என்ன ஆகும்? இதைத் தேர்ந்தெடுத்தால் வேறு எந்த வழி அடைபடும்? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. 50 வயதுக்காரருக்கு அது அத்தனை முக்கியமும் இல்லை. அவருடைய வழுக்கை எங்கே போய் நிற்கும் என்பது ஓரளவு தெரிந்துவிட்டது. 22 வயதுக்காரருக்கோ எதுவும் தெரியாது. அவர் தலை 35 வயதில் எப்படி இருக்கும், அப்போது அவர் மனம் எதை விரும்பும் என்பதெல்லாம் இனிமேல்தான். அதனால் பின்னாளில் மனம் மாறவும் இடம் வைக்கிற வழியைத்தான் இளைஞர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

முதலில், இது வழுக்கைதானா?

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன்னால் இதை உறுதி செய்தே ஆக வேண்டும். தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் வளர்ந்து, அப்புறம் 3 மாதம் போல ஓய்ந்திருந்து, உதிர்ந்து, அதே வேர்க்காலிலிருந்து புதிதாக முளைக்கிறது. அதனால் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் நடப்பதுதான். சீப்பிலும் தலையணையிலும் எண்ணிக்கொண்டிருப்பதால் பயம் வளருமே தவிர வேறொன்றும் தெரியாது. எங்கே மெலிகிறது, எப்படி மெலிகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து வேகமாக எடை குறைத்தது, பெரிய மன அதிர்ச்சி, இப்படி ஏதாவது நடந்து 2, 3 மாதம் கழித்து தலை முழுக்கக் கொத்துக் கொத்தாக முடி கொட்டினால் அது பெரும்பாலும் வழுக்கை அல்ல. உடல் பட்ட அடிக்கு வேர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விட்டன, அவ்வளவுதான். காரணம் தீர்ந்தால் சில மாதங்களில் தானாகத் திரும்பும். காசு அளவில் வட்டமாக, வழவழவென்று முடி போயிருந்தால் அது புழுவெட்டு. பெயரில்தான் புழு இருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே வேர்க்காலைத் தாக்குவதால் வருவது அது. அதற்கான சிகிச்சையே வேறு. செதில், அரிப்பு, பாதியில் உடைந்த முடி என்றிருந்தால் பூஞ்சைத் தொற்றா என்று பார்க்க வேண்டும். தைராய்டு கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு இரண்டையும் ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். தசை வளர்க்க ஜிம்மில் ஸ்டீராய்டு ஊசி போடுபவர்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். வழுக்கை வரக்கூடிய உடம்பில் அது வேகத்தைக் கூட்டிவிடும்.

ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கை வேறு மாதிரி வரும். நெற்றியின் இரண்டு ஓரமும் உள்வாங்கும், அல்லது உச்சியில் சுழியைச் சுற்றி மண்டைத் தோல் தெரியும். பின்தலையும் காதோரமும் பழையபடி அடர்த்தியாக இருக்கும். முடி கொட்டுவதைவிட மெல்லிசாகிப் பூமுடி போல ஆவதுதான் இதன் அடையாளம். தோல் டாக்டர் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தால் தடித்த முடியும் மெல்லிய முடியும் கலந்து நிற்பது தெரியும்.

இன்னொன்று. பதின்பருவம் முடிந்து இருபதுகளுக்குள் நுழையும்போது, குழந்தை முகத்துக்குரிய நெற்றிக்கோடு கொஞ்சம் மேலே ஏறுவது பெரும்பாலான ஆண்களுக்கு நடக்கும். புருவத்தை உயர்த்தினால் விழும் மேல் சுருக்கத்திலிருந்து ஒரு விரல் அகலம் மேலே போய் அங்கேயே நின்றுவிட்டால் அது வழுக்கை அல்ல. இதைப் பார்த்துப் பயந்து சிகிச்சைக்குப் போகும் பையன்கள் நிறைய. அவர்களுக்குத் தேவை ஒரு வருடம் பொறுத்துப் பார்ப்பது மட்டும்தான்.

ஏன் வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் மருந்துகளை ஒப்பிட அது வேண்டும். பருவமடைவதற்கு முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதை 1942ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் பதிவு செய்தார். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் என்ற நொதி டிஎச்டி என்ற வீரியமான ஹார்மோனாக மாற்றுகிறது. டிஎச்டியைத் தாங்காத வேர்க்கால்கள் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்குகின்றன. எந்த வேர்க்கால் தாங்கும், எது தாங்காது என்பதைப் பரம்பரை தீர்மானிக்கிறது. அம்மாவின் அப்பாவைப் பார்த்தால் போதும் என்பது பாதிதான் சரி. முக்கியமான மரபணு ஒன்று அம்மா வழியில்தான் வருகிறது, ஆனால் அப்பா வழியிலும் நிறைய வருகின்றன. தினமும் தலைக்குக் குளிப்பதோ ஹெல்மெட் போடுவதோ இந்த வழுக்கைக்குக் காரணம் அல்ல.

ஒன்றும் செய்யாமல் இருப்பது

இதுவும் ஒரு தேர்வுதான். ஆனால் செலவில்லாத தேர்வு என்று நினைத்துவிடக் கூடாது. வழுக்கைக்குத் தரப்படும் ஃபினாஸ்டரைடு மாத்திரையை 5 வருடம் சோதித்தபோது, ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை மட்டும் சாப்பிட்ட ஆண்களில் 75 சதவீதம் பேருக்குப் புகைப்படத்திலேயே தெரியும் அளவுக்கு முடி குறைந்திருந்தது. நீண்ட காலம் சுருங்கிக் கிடந்த வேர்க்கால் எந்த மருந்துக்கும் எழுந்து வராது. மருந்துகள் காப்பாற்றுவது பெரும்பாலும் இன்றைக்கு இருப்பதைத்தான். 3 வருடம் கழித்து மருந்து தொடங்கினால், அன்றைக்கு மிச்சமிருப்பதை வைத்துத்தான் தொடங்க வேண்டும்.

அதற்காக அவசரப்படவும் தேவையில்லை. இந்த வழுக்கை வாரக் கணக்கில் நகர்வதில்லை. 6 மாதம் யோசிப்பதால் பெரிய நஷ்டம் எதுவும் வராது. காத்திருப்பவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: 3 மாதத்துக்கு ஒருமுறை, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில், காய்ந்த முடியோடு, நெற்றியையும் உச்சியையும் படமெடுத்து வைப்பது. தினசரிக் கண்ணாடியை நம்ப முடியாது. நம் மனநிலைக்கு ஏற்ப அது ஒருநாள் நல்லதாகவும் ஒருநாள் மோசமாகவும் காட்டும். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு வருடத்தில் விஷயம் தெளிவாகிவிடும்.

தலையில் தடவும் மினாக்சிடில்

மினாக்சிடில் முதலில் ரத்தக் கொதிப்புக்கான மாத்திரையாக வந்தது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு உடம்பெங்கும் முடி வளர்வதைக் கண்ட பிறகுதான் தலையில் தடவும் திரவமாக மாற்றினார்கள். 1988ல் அமெரிக்காவில் ஆண்களின் வழுக்கைக்கு 2 சதவீதத் திரவமும், 1997ல் 5 சதவீதத் திரவமும் அனுமதி பெற்றன. 5 சதவீதம் 2 சதவீதத்தைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது சோதனைகளில் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. அதனால் ஆண்கள் 2 சதவீதத்தைத் தேட வேண்டியதில்லை.

இது டிஎச்டியைத் தொடுவதே இல்லை. வேர்க்காலின் வளரும் பருவத்தை நீட்டி முடியைத் தடிமனாக்குகிறது. அடியில் வழுக்கை தன் போக்கில் போய்க்கொண்டே இருக்கும். அதற்கு எதிராக மேலிருந்து கொஞ்சம் பலம் கொடுக்கிறோம். உச்சியில் நன்றாக வேலை செய்யும். முன் நெற்றி ஓரத்தில் அதே அளவு பலனை எதிர்பார்க்கக் கூடாது.

பலரை விரட்டிவிடுவது முதல் 2 மாதம்தான். தடவத் தொடங்கியதும் முடி அதிகமாகக் கொட்டலாம். ஓய்ந்திருந்த முடிகளைத் தள்ளிவிட்டுப் புதியவை கிளம்புவதால் வருவது அது. இது முன்கூட்டியே தெரியாதவர்கள் பயந்து அந்த நேரத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பலன் தெரிய குறைந்தது 4 மாதம், முழுதாகத் தெரிய ஒரு வருடம் போல ஆகும். திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் என்ற கரைப்பான் சிலருக்கு அரிப்பும் செதிலும் தரும். அவர்களுக்கு அது இல்லாத நுரை வடிவம் ஒத்துவரும். வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம்: பூனைக்கு மினாக்சிடில் விஷம், தடவிய தலையையோ தலையணையையோ நக்கினால்கூட உயிருக்கே ஆபத்தாகலாம்.

நிறுத்தினால் 3, 4 மாதத்தில், மருந்தால் வந்த முடி போய்விடும். மருந்தே தொடாமல் இருந்திருந்தால் எந்த நிலையில் இருந்திருப்போமோ அந்த இடத்துக்குத் தலை வந்து சேரும், அதைவிட மோசமாகாது. "நிறுத்தினால் இருப்பதும் போய்விடும்" என்று சொல்லப்படுவதை நான் அடிக்கடி கேட்கிறேன்; அது சரியல்ல. அடைபடும் வழி எதுவும் இல்லை. நாளை மழித்துக்கொள்ளலாம், மாத்திரைக்கு மாறலாம், முடி நடலாம். தினமும் தடவுகிற அலுப்புதான் இதன் உண்மையான விலை. இரண்டு வேளை தடவ முடியாதவர் ஒரு வேளையாவது விடாமல் தடவுவது, ஒரு மாதம் ஒழுங்காகத் தடவிவிட்டு அடுத்த மாதம் மறந்துவிடுவதைவிட எவ்வளவோ மேல்.

இதையே குறைந்த அளவு மாத்திரையாக இப்போது பல தோல் டாக்டர்கள் எழுதுகிறார்கள். தடவும் அலுப்பு இல்லை என்பது பெரிய வசதிதான். ஆனால் அது ரத்தக் கொதிப்பு மருந்து. படபடப்பு, கால் வீக்கம், முகத்திலும் கைகளிலும் முடி வளர்வது எல்லாம் வரலாம். இதயக் கோளாறு உள்ளவர்கள் எடுக்கக் கூடாது. டாக்டரைப் பார்க்காமல் வாங்கிச் சாப்பிடும் மருந்தல்ல.

ஃபினாஸ்டரைடு மாத்திரை

இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டும். இருப்பதிலேயே அடிப்படைக் காரணத்தைத் தொடுவது இதுதான், இளைஞர்கள் அதிகம் பயப்படுவதும் இதற்குத்தான்.

இதன் தொடக்கம் டொமினிக்கன் குடியரசில் இருக்கிறது. அங்கே சில குடும்பங்களில் 5 ஆல்ஃபா ரிடக்டேஸ் நொதி பிறவியிலேயே குறைவாக இருந்தது. அந்த ஆண்களுக்கு புராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) சிறியதாகவே இருந்தது, வழுக்கையும் விழவில்லை. ஜூலியான் இம்பெராடோ-மெக்கின்லி என்ற பெண் ஆய்வாளரும் அவரது குழுவும் 1974ல் வெளியிட்ட அந்த ஆய்வைத் தொடர்ந்துதான் நொதியை அடக்கும் மருந்தைத் தேடினார்கள். புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராமாக 1992லும், வழுக்கைக்கு 1 மில்லிகிராமாக 1997லும் ஃபினாஸ்டரைடு அனுமதி பெற்றது. ரத்தத்தில் இருக்கும் டிஎச்டியை மூன்றில் இரண்டு பங்கு போலக் குறைக்கிறது.

பலன் என்ன? முன்பு சொன்ன அதே 5 வருடச் சோதனையில், மாத்திரை சாப்பிட்டவர்களில் 48 சதவீதம் பேருக்கு முடி கூடியது, 42 சதவீதம் பேருக்கு இருந்தபடியே இருந்தது, 10 சதவீதம் பேருக்குக் குறைந்தது. வெற்று மாத்திரைக்காரர்களில் 75 சதவீதம் பேருக்குக் குறைந்ததோடு இதை வைத்துப் பாருங்கள். முடி கூடியவர்கள் பாதிப் பேர்தான். ஆனால் 10ல் 9 பேருக்கு வழுக்கை நகராமல் நின்றது. 23 வயதில் வழுக்கை 5 வருடம் நகராமல் நிற்பது சின்ன விஷயமல்ல.

பக்க விளைவுக்கு வருவோம். முதல் வருடச் சோதனைகளில் மாத்திரை சாப்பிட்டவர்களில் 3.8 சதவீதம் பேரும், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 2.1 சதவீதம் பேரும் ஏதாவது ஒரு பாலியல் குறையைச் சொன்னார்கள்: ஆசை குறைவது, விறைப்புக் குறைவது, விந்து குறைவது. பெரும்பாலானோருக்கு நிறுத்தியதும் சரியாகிவிட்டது, சிலருக்குத் தொடர்ந்து சாப்பிடும்போதே சரியாகிவிட்டது. ஆனால் நிறுத்திய பிறகும் குறை நீடிப்பதாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2012ல் இதை மருந்தின் குறிப்புத் தாளில் சேர்த்தது. மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் பற்றிய எச்சரிக்கையும் பின்னர் சேர்ந்தது. 2025ல் ஐரோப்பிய மருந்து முகமையும் தற்கொலை எண்ணத்தை இதன் பக்க விளைவாக உறுதி செய்தது.

இரண்டு தரப்பும் இதைப் பேசும் விதம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு தரப்பு "எல்லாம் மனப் பிரமை" என்று சொல்லி, உண்மையாகவே கஷ்டப்படுபவர்களை அவமானப்படுத்துகிறது. இன்னொரு தரப்பு ஒரே மாத்திரையில் வாழ்க்கை அழிந்துவிடும் என்று சொல்லி, பெரும்பாலானோருக்கு ஒத்துப்போகும் மருந்தைத் தொடவே விடாமல் செய்கிறது. இரண்டையும் நம்பாமல் தன் உடம்பையும் மனதையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர், பதற்றம் அதிகமுள்ளவர், ஏற்கெனவே பாலியல் குறை உள்ளவர், இவர்கள் இந்த மாத்திரையை முதல் தேர்வாக வைக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். வைத்தே ஆக வேண்டுமென்றால் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். கூட இருப்பவர் ஒருவருக்கும் தெரிந்திருக்கட்டும். மனம் மாறுவது சில சமயம் நமக்கு முன்னால் மற்றவர்களுக்குத் தெரியும். மனம் சோர்கிறது என்று தோன்றினால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைப் பாருங்கள்.

குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் அதையும் சொல்ல வேண்டும். சிலருக்கு விந்தின் தரம் குறைந்து, நிறுத்திய பிறகு சரியானதாகப் பதிவுகள் இருக்கின்றன. கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைக் கையால் தொடக் கூடாது, ஆண் கருவைப் பாதிக்கலாம். ரத்த தானம் செய்ய நினைத்தால் கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது ஒரு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். பிற்காலத்தில் புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ பரிசோதனை செய்தால், இந்த மாத்திரை அந்த எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். டாக்டரிடம் சொல்லாவிட்டால் தப்பாகக் கணிப்பார். 18 வயது ஆகாதவர்களுக்கு இது இல்லை.

நிறுத்தினால் சுமார் ஒரு வருடத்துக்குள் பலன் கரைந்துவிடும். அடைபடும் வழி? பெரும்பாலானோருக்கு இல்லை. பக்க விளைவு நீடிக்கும் அந்தச் சிறு சாத்தியம்தான் இதை மினாக்சிடிலோடு ஒன்றாக வைக்க விடாமல் தடுக்கிறது.

இதையே தலையில் தடவும் வடிவமும் உண்டு. ரத்தத்துக்குள் போவது குறைவு, ஆனால் முற்றிலும் போகாமல் இல்லை. பக்க விளைவே கிடையாது என்று விற்பவரை நம்ப வேண்டாம். இதே வகை மருந்தான டுடாஸ்டரைடு இன்னும் வீரியமானது, டிஎச்டியை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். தென்கொரியாவிலும் ஜப்பானிலும் வழுக்கைக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் உடம்பைவிட்டு வெளியேற மாதக்கணக்கில் ஆகும். ஒத்துவராவிட்டால் சட்டென்று விலக முடியாது என்பதாலேயே, இளைஞர்களின் முதல் மருந்தாக இதை நான் சொல்லமாட்டேன்.

இரண்டில் எது?

அடிப்படையைத் தடுப்பதில் ஃபினாஸ்டரைடு முன்னால் நிற்கிறது, பயமில்லாமல் தொடங்குவதில் மினாக்சிடில். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியைவிட நல்ல பலன் தருகின்றன. ஒன்று சுருங்குவதைத் தடுக்கிறது, மற்றது வளர்ச்சியைத் தூண்டுகிறது. ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்குவதை நான் விரும்பமாட்டேன். தலை அரித்தால் எதனால், ஆசை குறைந்தால் எதனால் என்று பிரித்துச் சொல்லவே முடியாது. ஒன்றைத் தொடங்கி 6 மாதம் பார்த்துவிட்டு அடுத்ததைச் சேர்ப்பது நிதானமான வழி. உச்சி மட்டும் மெலிந்து, வேகமும் குறைவாக இருந்தால் மினாக்சிடிலோடு மட்டும் சில வருடம் போகலாம். குடும்பத்தில் அப்பா, சித்தப்பா, மாமா எல்லோருக்கும் 30க்குள் பெரும்பாலான முடி போயிருந்து, உங்களுக்கு 21லேயே நெற்றி ஏறுகிறதென்றால், மினாக்சிடில் மட்டும் அதை நெடுநாள் தாங்காது.

இடையில் வரும் மற்றவை

பயோட்டின் மாத்திரை: பயோட்டின் குறைபாடு உள்ளவருக்குத்தான் உதவும், அந்தக் குறைபாடு மிக அரிது. போதாததற்கு, தைராய்டு, இதயத் தசை போன்ற ரத்தப் பரிசோதனைகளில் தப்பான எண்ணைக் காட்டவைக்கும். எண்ணெய் முடியைப் பளபளப்பாக்கும், உடையாமல் காக்கும், டிஎச்டியைத் தடுக்காது. பிடித்தால் தடவுங்கள், வழுக்கைக்கு மருந்தாக மட்டும் நம்பாதீர்கள். கீட்டோகொனசோல் ஷாம்பு பொடுகு உள்ளவருக்கு நல்லது, முடிக்கும் சிறிது உதவலாம்.

மினாக்சிடிலோடு நுண் ஊசி உருளையைச் சேர்ப்பது பற்றி 2013ல் 100 ஆண்களிடம் செய்த ஆய்வில், மினாக்சிடில் மட்டும் போட்டவர்களைவிட நல்ல பலன் வந்தது. 12 வாரச் சோதனைதான் அது, ஆனாலும் கவனிக்கத்தக்கது. வீட்டில் செய்வதென்றால் ஊசியின் சுத்தம் மிக முக்கியம், குத்திய அன்றே மருந்து தடவக் கூடாது. நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்துத் தலையில் ஏற்றும் பிஆர்பி சிலருக்கு உதவுகிறது. ஆனால் எவ்வளவு செறிவு, எத்தனை முறை என்பதில் கிளினிக்குக்கு கிளினிக் வேறுபாடு. விலையும் அதிகம், திரும்பத் திரும்பப் போக வேண்டும். லேசர் சீப்பும் தொப்பியும் ஆபத்தில்லாதவை, பலனும் மிதமானது. மருந்தே வேண்டாம் என்பவர் பணம் இருந்தால் முயன்று பார்க்கலாம். மருந்துகளுக்குப் பதிலாக இவற்றை வைப்பது சரியாக வராது.

முடி நடுவது

இளைஞர்களை அதிகம் இழுப்பதும் அதிகம் காயப்படுத்துவதும் இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல கையில், சரியான வயதில் செய்தால் அருமையான சிகிச்சை. பின்தலை முடி டிஎச்டியைத் தாங்கும், அதை முன்னால் நட்டாலும் அந்தக் குணத்தோடே இருக்கும். நார்மன் ஓரன்ட்ரைக் என்ற நியூயார்க் தோல் மருத்துவர் 1950களில் இதைக் காட்டினார். எல்லா நடவும் இந்த ஒரு விஷயத்தின்மேல்தான் நிற்கிறது.

ஆனால் பின்தலை ஒரு சேமிப்புக் கணக்கு மாதிரி, எடுக்கலாம், திரும்பப் போட முடியாது. ஆளைப் பொறுத்து வாழ்நாள் முழுவதற்கும் 4,000 முதல் 8,000 கிராஃப்ட் (வேரோடு எடுக்கும் சிறு முடிக்கொத்து) வரை எடுக்க முடியும். ஒரு கிராஃப்டில் 1 முதல் 4 முடி. 22 வயதில் நெற்றிக்கோட்டைத் தாழ்வாக வரைந்து 3,000 கிராஃப்டை முன்னாலேயே செலவழித்துவிட்டால், 35 வயதில் அதன் பின்னால் இருக்கும் சொந்த முடி போகும்போது நிரப்பக் கையில் ஒன்றும் இருக்காது. முன்னால் நட்ட முடி மட்டும் ஒரு திட்டாக நிற்க, அதற்குப் பின்னால் வெறுமை தெரியும். நடுவது வழுக்கையை நிறுத்துவதில்லை. நட்ட பிறகும் மருந்து தொடர வேண்டும் என்று சொல்லாமல் விடும் கிளினிக்கிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அடைபடும் வழி இங்கேதான் அதிகம். பின்தலையிலிருந்து தோலைப் பட்டையாக வெட்டி எடுக்கும் எஃப்யூடி முறையில் நீளமான தழும்பு விழும். ஒவ்வொன்றாகக் குடைந்து எடுக்கும் எஃப்யூஇ முறையில் புள்ளிப் புள்ளியாக விழும். எந்த முறையானாலும், பின்னாளில் "போதும், மழித்துவிடலாம்" என்று தோன்றினால் அந்தத் தழும்புகள் வெளியே வரும். பட்டைத் தழும்பு ஒட்ட வெட்டினாலே தெரியும். மழிக்கும் வழியை ஏறக்குறைய மூடிவிடுகிற ஒரே தேர்வு இதுதான்.

அதனால் 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, ஒரு வருடமாவது மருந்து எடுத்து வழுக்கை நிலைத்த பிறகு யோசிக்கலாம் என்று சொல்லும் டாக்டரே நல்ல டாக்டர். அவரிடம் கேட்க வேண்டியவை: கீறுவதும் குடைவதும் நீங்களா, உதவியாளரா? நெற்றிக்கோட்டை 45 வயது முகத்துக்கும் பொருந்தும்படி வரைவீர்களா? என் பின்தலையில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது, இதில் எவ்வளவு மிச்சம் வைப்பீர்கள்? மருத்துவம் படிக்காதவர்கள் அறுவை செய்யும் இடங்களைப் பற்றி முடி நடும் மருத்துவர்களின் சர்வதேசச் சங்கமே எச்சரித்து வருகிறது. நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிரும், 3, 4 மாதத்தில் திரும்ப முளைக்கும், முழு உருவம் தெரிய ஒரு வருடம் ஆகும். கல்யாணத்துக்கு 2 மாதம் முன்னால் போய் நடுவதில் பயனில்லை.

மறைப்பது, மழிப்பது

கெரட்டின் தூள் மெலிந்த இடத்தை நன்றாகவே மறைக்கும். ஏற்கெனவே கொஞ்சம் முடி இருக்க வேண்டும், அதைப் பிடித்துக்கொண்டுதான் தூள் நிற்கும். மழையும் வியர்வையும் எதிரிகள். மருந்து வேலை செய்யக் காத்திருக்கும் 6 மாதத்துக்கு இது நல்ல துணை. தலையில் ஒட்டிக்கொள்ளும் முடிப் பட்டைகள் இப்போது அசலைப் போலவே இருக்கின்றன. சில வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, சுத்தம் செய்து, மீண்டும் ஒட்ட வேண்டும். சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும். இழுத்துக் கட்டும் கிளிப்புகள் சொந்த முடியையே பலவீனமாக்கும் என்பதால் அந்த வகையைத் தவிர்ப்பது நல்லது. இந்த இரண்டுமே எந்த வழியையும் அடைப்பதில்லை. ஆனால் யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் கூடவே வருகிறதா என்று ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பயம் முடி இல்லாததைவிட அதிகமாக அரித்தால், மறைப்பதால் எதுவும் கிடைக்கவில்லை.

மழிப்பதைக் கடைசியில் சொல்வதால் அது தோற்றவர்களின் வழி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 3 கேள்விகளுக்கும் மிக நல்ல பதில் தருவது அதுதான். பக்க விளைவு இல்லை, பிடிக்காவிட்டால் சில மாதத்தில் முடி பழையபடி வந்துவிடும். மழித்தால் முடி தடிமனாக வளரும் என்பது மட்டும் உண்மையல்ல. வெட்டுப்பட்ட முனை சொரசொரப்பாக இருப்பதால் அப்படித் தெரிகிறது, அவ்வளவுதான். எந்தச் சிகிச்சையில் இறங்கும் முன்னும் ஒரு விடுமுறையில் ஒட்ட வெட்டியாவது பார்த்துவிடச் சொல்வேன். தாடி வைத்தால் முகம் சமன்படுகிறதா என்றும் அப்போதே தெரியும். அந்த முகம் பிடித்துப்போனால், பல வருட மாத்திரையும் கவலையும் அங்கேயே மிச்சம். பிடிக்கவில்லையென்றாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை; முடியை வளரவிட்டுவிட்டு, மருந்து வேண்டும் என்ற முடிவைத் தெளிவான மனதோடு எடுக்கலாம்.

மருந்தோடு மழிப்பதையும் சேர்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. சேர்க்கலாம். முடியை மிகச் சிறியதாக வெட்டிக்கொண்டு மாத்திரையோ மினாக்சிடிலோ எடுப்பவர்கள், அடர்த்தி கொஞ்சம் குறைந்தாலும் பதறுவதில்லை. குட்டை முடியில் மண்டைக்கும் முடிக்கும் நிற வேறுபாடு குறைவாகத் தெரியும். மழித்த தலைக்கு மட்டும் ஒரு வேலை கூடுகிறது: வெயிலில் இறங்குமுன் சன்ஸ்கிரீனோ தொப்பியோ தவறாமல் வேண்டும். உச்சந்தலைத் தோல் அதுவரை வெயில் பார்க்காதது, முதல் சில வாரத்தில் எளிதாகக் கன்றிப்போகும்.